மாட்டேன் என்று சொன்ன மூன்றாம் துண்டு

கணினித் திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மறுநாளே போன் வரும். "நாலாவது பாராவுல ஒரு தப்பு இருக்குக்கா" என்பாள். இருக்கவும் இருக்கும்.

ஆம்பூரில் பைபாஸ் ஓரமாக, ஷூ ஒட்டும் பசையும் நூல்கண்டும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் எட்டுப் பேர். ஷூ கம்பெனிகளில் தோலை வெட்டும் கம்ப்யூட்டர் மேசைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. நான் பி.இ. முடித்தவள், கணியம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அவள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வேலையில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். அதனால் என்னை அக்கா என்றும் கூப்பிடுவாள், வேலையும் ஏவுவாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் தொழிலில் இருந்த ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கம்பெனிகளுக்கும் நாங்கள் ஒரே மென்பொருளைத்தான் கொடுத்தோம். கொடுத்த பிறகு அது ஒன்றாக இருக்கவில்லை. டிசைன் வெளியே போய்விடும் என்ற பயத்தில் கம்பெனிக் கணினிகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. பழுது பார்க்கப் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்து நிரலில் இரண்டு வரியை மாற்றிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆபீசில் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் புதிதாக ஒரு திருத்தம் எழுதினால் அதை ‘பேட்ச்’ என்ற கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுபோய் அந்தக் கணினியில் செலுத்துவோம். பேட்ச் என்பது துண்டுதுண்டான குறிப்புகள்தான். ‘இந்த மூன்று வரிக்குக் கீழே, அந்த மூன்று வரிக்கு மேலே, இதைச் சேர்’ என்று ஒவ்வொரு துண்டும் சொல்லும். கணினி அந்த அக்கம்பக்கத்து வரிகளைத் தேடும், சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் மேலும் கீழும். கிடைத்தால் சேர்த்துவிட்டு, ‘சேர்ந்தது’ என்று பச்சையில் எழுதும். அந்த வரிகளில் யாராவது கை வைத்திருந்தால், அடையாளம் தெரியாமல், ‘இந்தத் துண்டு சேரவில்லை’ என்று சிவப்பில் எழுதி, துண்டைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிடும். பிறகு நாம் எடிட்டரைத் திறந்து, அது எங்கே உட்கார வேண்டும் என்று கண்டுபிடித்துக் கையால் சேர்க்க வேண்டும். ஒதுக்கப்பட்ட அந்தத் துண்டை ஆபீசில் எல்லோரும் ‘ரிஜெக்ட்’ என்போம்.

ரிஜெக்ட் வந்தால் மற்ற ஏழு பேருக்கும் அன்றைக்கு முகம் விழுந்துவிடும். பேஜார் என்பார்கள், இன்றைக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான் என்பார்கள். அவள் மட்டும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவாள்.

நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு கம்பெனியின் நிரலை ஆபீஸ் கணினியில் நகல் எடுத்து வைத்து, ஏழு துண்டு கொண்ட பேட்சைச் செலுத்தினேன். இரண்டு சிவப்பு. என் தப்பு என்று நினைத்து நோட்டைப் புரட்டினேன். பின்னாலிருந்து சக்கரச் சத்தம்.

"எத்தினிக்கா?"

"ரெண்டு."

"ரெண்டா? முதல் வாரத்துலயே ரெண்டா? குடுத்து வச்சவக்கா நீ. நான் சேந்தப்போ ஒரு மாசம் காத்துக் கெடந்தேன்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்தாள். எடிட்டரைத் திறந்து, இடது பக்கம் கம்பெனியின் நிரல், வலது பக்கம் ரிஜெக்ட் என்று இரண்டையும் அருகருகே வைத்தாள். பிறகு ரிஜெக்டை வாய்விட்டுப் படித்தாள், யாருக்கோ வந்த கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிற மாதிரி. "நான் வந்தேன். இந்த வரி இருக்கும்னு சொன்னாங்க. பாத்தேன், இல்ல. திரும்பிப் போறேன்." படித்துவிட்டு விரலைத் திரையிலேயே வைத்து வரிவரியாக இறக்கினாள். அவள் உட்கார்ந்து எழுந்த கணினியின் திரையைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர் வேலை செய்ய முடியும்.

"இதோ பார். இங்க யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க."

அதுதான் அவள் வாசகம். ஒரு துண்டு சேரவில்லை என்றால் அவளுக்கு அது பிழை இல்லை. அந்த இடத்தில் ஒரு மனிதர் நடமாடியிருக்கிறார். அவர் யார், எதற்கு வந்தார் என்று தெரியாமல் துண்டைச் சேர்க்க மாட்டாள். போனை எடுத்துவிடுவாள்.

அன்றைக்கு, மெஷின் ஒலி எழுப்பும் வரியை யாரோ எடுத்திருந்ததால், அந்தக் கம்பெனியின் மெஷின் ஆபரேட்டரைப் பிடித்தாள். "அண்ணே, வெட்டி முடிச்சா கீங் கீங்னு ஒரு சத்தம் வருமே, உங்க மெஷின்ல ஏன் வர்றதில்ல?"

அவர் பத்து நிமிடம் தனக்கு எதுவும் தெரியாது என்றார். மின்சாரத்தின்மேல் பழி போட்டார். எலிமேல் போட்டார். கடைசியில் குரலை இறக்கினார். "மேடம், மெஷினுக்குப் பின்னாடிதான் நாங்க மத்தியானம் கொஞ்சம் தலைய சாய்க்கிறது. ஒவ்வொரு பீசுக்கும் கத்துச்சுன்னா மனுசன் எப்பிடித் தூங்குவான். போன தடவ வந்த தம்பிகிட்ட சொல்லி நிறுத்திட்டேன். உங்க சார்கிட்ட சொல்லாதீங்க."

"சொல்லலண்ணே. எத்தினி மணிக்குத் தூங்குவீங்க?"

"ஒண்ணுலேருந்து ஒண்ணே முக்கா."

போனை வைத்தாள். எங்கள் இரண்டு துண்டுகளையும் சேர்த்தாள், அந்த முக்கால் மணி நேரம் மட்டும் சத்தம் வராதபடி ஒரு வரியும் எழுதினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "ரிஜெக்ட் வராட்டி இவரு தூங்குறதே நமக்குத் தெரியாதேக்கா."

எல்லா நாளும் இது அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரேயொரு வெற்று வரி கூடுதலாக இருந்ததால் ஒரு துண்டு சேரவில்லை. அழித்துவிட்டுச் சேர்க்க அரை நிமிடம். அவள் ஒரு பகல் முழுக்க விசாரித்தாள். கடைசியில் தெரிந்தது, யாரோ டிபன் பாக்சைக் கீபோர்டின்மேல் வைத்ததில் என்டர் பொத்தான் அழுந்திவிட்டது. எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், அவளைக் கூப்பிட்டுத் திட்டினார். வெளியே வந்து என்னிடம் அவள் சொன்னது: "சாம்பார் சாதமாம்க்கா."

எல்லாம் சரியாக நடந்தால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும். ரயில் நேரத்துக்கு வந்துவிட்டால் ஏறுவதற்கு முன் இரண்டு பேரிடம் இது எந்த வண்டி என்று கேட்பாள். அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன மறுநாள் ஆபீசுக்கு வாடிய முகத்தோடு வந்தாள்.

"பிடிக்கலன்னுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்காம். ஒரு கேள்வி கூடக் கேக்கலக்கா. காபி நல்லாருக்குன்னாங்க, பொண்ணு நல்லாருக்குன்னாங்க, எழுந்து போய்ட்டாங்க. அவ்வளோதான்."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? நான் இன்னான்னே தெரியாம உள்ள விட்டுட்டாங்க."

அன்று மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கே போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றாளாம். சரி என்றார். என் அம்மா நம்மோடுதான் இருப்பார் என்றாளாம். சரி. ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்க மாட்டேன் என்றாளாம். "அது மட்டும் முடியாதுங்க. எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ரெண்டு பேரும் பட்டினி கெடக்கணுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

படியில் இரண்டு இரண்டாகத் தாவி மேலே வந்தாள். "ஒண்ணுக்கு மாட்டேன்னுட்டார்க்கா" என்றாள். அவரையேதான் கட்டிக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு நாள் சாயங்காலம் நான் போய்ப் பெருமையடித்தேன்.

அப்போது நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. மூன்று மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். பேரணாம்பட்டு சாலையில் ஒரு ஷூ கம்பெனிக்கு முதல்முறையாக என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். அங்கே வெட்டும் மேசையில் இரண்டு கத்திகள். இடது கால் பீஸ்களை ஒன்று வெட்டும், வலது கால் பீஸ்களை இன்னொன்று. இடது பக்கக் கத்தி ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்டுகிறது என்று ஆறு மாதத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார்கள். கத்தியைத் திருகிச் சரிசெய்து பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நிரலில் இடது காலுக்கு மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூட்டச் சொல்லி பேட்ச் தயார் செய்தோம். மொத்தம் ஐந்து துண்டு. மூன்றாவதுதான் அந்த மில்லிமீட்டர்.

போனேன், பழைய நிரலை ஒரு நகல் எடுத்து வைத்தேன், பேட்சைச் செலுத்தினேன். ஐந்தும் சேர்ந்தன. ஒரு சிவப்புகூட இல்லை. ஐந்துக்கும் நோட்டில் டிக் அடித்தேன். கட்டிங் சூப்பர்வைசரிடம் ஓகே என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கு ஆபீசுக்குத் திரும்பினேன்.

"எத்தினிக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அஞ்சும் உள்ள போயிடுச்சு."

டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். "அங்கயா? மூணு வருசமா போறவன் வர்றவன்லாம் கை வச்ச கோடிங்க்கா அது. ஒண்ணு கூடவா முரண்டு பிடிக்கல?"

நோட்டைக் கேட்டாள். ஒவ்வொரு துண்டுக்கும் நேரே கணினி சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். மூன்றாவதற்கு நேரே ‘சேர்ந்தது, 214 வரி தள்ளி’ என்று இருந்தது. நான் ‘சேர்ந்தது’ என்பதைத்தான் படித்திருந்தேன்.

"இருநூத்திப் பதினாலு வரி தள்ளிப்போய் உக்காந்திருக்கு. அங்க இன்னா இருக்கு?"

ஆபீஸ் நிரலில் எண்ணிப் பார்த்தாள். இடது காலுக்கு ஒரு பகுதி, வலது காலுக்கு ஒரு பகுதி. முதலில் எழுதியவர் ஒன்றை எழுதி, அதையே நகலெடுத்து இன்னொன்றாக்கியிருந்தார். உள்ளே இருக்கிற வரிகள் அச்சாக ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அதே இருநூற்றுப் பதினாலு வரி. இடது காலில் சேர வேண்டிய மில்லிமீட்டர், அங்கே இடம் தெரியாமல், கீழே இறங்கி வலது காலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் பச்சை எழுத்தில்.

"எப்போ வெட்டப்போறாங்க?"

"டீ பிரேக் முடிஞ்சதும். நாலரைக்கு."

அன்று மேசையில் இருந்த தோல் முழுவதும் ஒரே டிரம்மில் ஒரே தடவையாகச் சாயம் ஏற்றியது. அடுத்த டிரம்மில் அதே நிறம் வராது, லேசாகவாவது மாறும். தப்பாக வெட்டிவிட்டால் அந்த ஆர்டருக்கு வேறு தோல் கிடையாது. மறுநாள் எனக்கும் வேலை கிடையாது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டோம். கட்டிங் ஹாலுக்குள் போன் அனுமதி இல்லை. எல்லார் போனும் வாசலில் செக்யூரிட்டியின் டப்பாவில் கிடக்கும். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். என் பக்கத்தில் நின்றவள் அதற்குள் லேப்டாப்பைத் தோளில் மாட்டி ஆபீஸ் ஸ்கூட்டரின் சாவியை எடுத்துவிட்டாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழி நெடுக லாரி. கம்பெனி வாசலில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை.

ஹாலுக்குள் போனபோது முதல் தோல் வெட்டி முடிந்திருந்தது. இரண்டாவதை மேசையில் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, வெட்டாதீங்க" என்றாள்.

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். ஐம்பது வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். "இன்னாம்மா வெளாட்டா? மத்தியானம் உங்க ஆளுதான வந்து எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவள் வெட்டிய இடது பீசையும் வலது பீசையும் எடுத்து முகத்துக்கு முகம் வைத்துப் பிடித்தாள். வலது பீசின் ஓரம் வெளியே தெரிந்தது. அளந்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

எனக்குக் கணக்கு இடித்தது. இடதில் ஒன்று குறைவு, வலதில் ஒன்று அதிகம் என்றால் இரண்டு வர வேண்டும். அந்த அரை எங்கே போயிற்று? அவளைப் பார்த்தேன். அவளுக்கும் அதே கேள்விதான். ஆனால் அந்த முகத்தில் பயம் இல்லை; தீபாவளிக்கு முந்தின நாள் முகம்.

கணினி முன்னால் உட்கார்ந்தாள். நான் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து பழைய நிரலைத் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு லேப்டாப்பில் பேட்சை மறுபடி உருவாக்கினாள், இந்த முறை ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று வரி அடையாளம் போதாது என்று பத்து வரி கொடுத்து. இப்போது ‘இடது’ என்ற தலைப்பு வரியும் அடையாளத்துக்குள் வந்துவிட்டது. இனி வலது காலுக்குள் நுழைய முடியாது. செலுத்தினாள்.

முதல் துண்டு பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது சிவப்பு.

கையைத் தட்டினாள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லிடுச்சுக்கா. மாட்டேன்னு சொல்லிடுச்சு."

"பைத்தியமா இந்தப் பொண்ணு?" என்று ஒருவர் கேட்டார்.

அவள் விரல் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது கால் பகுதி. முதல் வரி சரி, இரண்டாவது சரி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எங்களுடையது அல்லாத ஒரு வரி. இடது ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கூட்டு என்றது அது.

"இங்க யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் மெதுவாக. "யாருண்ணே இது? எதுக்கு அரை?"

சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னா தெரியும். உங்க ஆளுங்க போட்டிருப்பாங்க."

அந்த நேரம் மேனேஜர் உள்ளே வந்தார். சத்தம் அவர் அறைவரை போயிருக்கிறது. "மெஷின் ஏன் நிக்குது? யாராவது புரோகிராமைத் தொட்டாங்களா?" என்று சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். புரோகிராமைத் தொட்டால் அந்தக் கம்பெனியில் வேலை போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

அந்த அரை எதற்கு என்று தெரியாமல் எங்கள் மில்லிமீட்டரை அதன்மேல் போட்டால் ஒருவேளை அதிகமாகிவிடும். எடுத்துவிட்டுப் போட்டால் வேறு எது கெடும் என்று தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மேனேஜர் நிற்கும்போது பேச மாட்டார். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து வந்தது நானாக எடுத்த முடிவுதான்.

"சார், நான் தொட்டேன்" என்றேன். "மத்தியானம் வந்தது நான். இடது காலுக்குப் போடவேண்டியது வலது காலுக்குப் போயிருக்கு. நான் பாக்காம ஓகே சொல்லிட்டேன். ஒரு தோல் வீணாயிடுச்சு. தப்பு என்னுது. பத்து நிமிசம் குடுத்தீங்கன்னா சரி பண்ணிடுவோம்."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க முதலாளிகிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "பத்து நிமிசம்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் சூப்பர்வைசர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"அந்த அரை நான்தாம்மா போடச் சொன்னேன்" என்றார். "உங்களுக்கு லெட்டர் எழுதி ஆறு மாசம் ஆச்சு. இடது ஷூலாம் டைட்டா வருதுன்னு தினம் என்னைத்தான் காய்ச்சுனாங்க. உங்க ஆள் ஒருத்தன் வேற வேலையா வந்தான். அவங்கிட்ட கெஞ்சிக் கேட்டேன்."

"ஒரு மில்லி கம்மின்னா ஒண்ணு போட வேண்டியதுதானண்ணே? ஏன் அரை?"

"முழுசாப் போட்டா சரியாயிடும்மா. எப்பிடிச் சரியாச்சுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற கட்டர்கள் எல்லாம் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது.

"அப்போ உங்க அரை அப்பிடியே இருக்கட்டும். நாங்க மிச்ச அரையைப் போடுறோம்" என்றாள். அவருடைய வரிக்குக் கீழே எங்கள் வரியைக் கையால் சேர்த்தாள். இரண்டுக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதினாள்: இடது கத்தி ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்டுகிறது, அதற்காக. யார் என்று எழுதவில்லை, ஏன் என்று மட்டும். முதலில் அட்டையில் வெட்டினோம். பிறகு தோலில் ஒரு ஜோடி. சூப்பர்வைசரே இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, கட்டைவிரலை ஓரத்தில் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தார். விரல் எங்கும் தட்டவில்லை.

"விரிங்கடா" என்றார். மெஷின் ஓடத் தொடங்கியது.

மறுநாள் சார் என்னை அரை மணி நேரம் திட்டினார். வேலையை விட்டு அனுப்பவில்லை; மாதக் கடைசியில் நிரந்தரமும் ஆக்கினார். அவளைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது அந்த நாளைத்தான், ஆனால் மெஷின் ஓடியதோடு நிறுத்த மாட்டேன்.

அன்று மெஷின் ஓடத் தொடங்கியதும் நாங்கள் லேப்டாப்பை மூடி எழுந்துவிட்டோம். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆறு மணி ரயிலை அவள் பிடித்துவிடலாம். கதவுவரை வந்தவர் நின்றார், அந்தச் சூப்பர்வைசர். ஹாலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

"யம்மா, கோச்சிக்காத. ரெண்டாவது மேசையிலயும் ஒரு இடத்துல கை வச்சிருக்கோம். போன வருசம்."

"எங்கண்ணே?" என்றாள். லேப்டாப் பை அதற்குள் தோளிலிருந்து இறங்கியிருந்தது. அவர் பதில் சொல்லும் முன்பே இரண்டாவது மேசைக்கு நடந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தனக்கு அல்ல, அவருக்கு, "உக்காந்து முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.